இருக்கைக்குப் பின்னால் இருந்தது

அன்று பள்ளிக்கூடத்தில் வான்கோழிச் சாப்பாடு. தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நாள் விடுமுறைக்கு முந்தைய செவ்வாய் என்றால் ஹார்ட்டர்வில் பள்ளியில் பொடிசுகளிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லோருக்கும் அதுதான். வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, மேலே ஊற்றக் கெட்டியாக ஒரு குழம்பு. மார்லா ஹோலன்பாக் காலை ஐந்தரைக்கே வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். பதினோரு மணிக்குள் முந்நூற்று நாற்பது பேருக்குக் கிழங்கு மசித்தாகிவிட்டது. வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. வெளியே மழையும் பனியும் கலந்து ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தன.

பதினொன்றே காலுக்கு ஒலிபெருக்கியில் தலைமையாசிரியரின் குரல் வந்தது. எல்லா அறைகளையும் பூட்டச் சொன்னார். இது ஒத்திகை இல்லை என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்வதற்கான ஒத்திகை வருஷத்தில் சில தடவை நடப்பதுதான்.

சமையல்காரிகள் நான்கு பேரும் பால் பெட்டிகளும் கேரட் மூட்டைகளும் அடுக்கியிருந்த குளிர் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார்கள். மார்லாவின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே இருந்தது. ஜோலீனுக்கு ஒன்றாம் வகுப்பில் மகன். அவள் சுவரோடு ஒட்டி நின்று அவன் பெயரையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மார்லாவின் மகள் டெஸ்ஸா பதினோராம் வகுப்பு. அந்த நேரத்தில் அவளுக்கு வேதியியல் பாடம், மாடியில் கடைசி அறை. கடைசி அறை என்பது நல்லதா கெட்டதா என்று மார்லாவால் முடிவுசெய்ய முடியவில்லை. படிக்கட்டிலிருந்து அந்த அறைக்கு எத்தனை கதவுகள் என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை மாறியது.

நாற்பது நிமிஷம் கழித்து யாரோ வெளியிலிருந்து பேர் சொல்லிக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் தொப்பியில் பனித்தூள் படிந்த ஒரு போலீஸ்காரி நின்றாள்.

"மார்லா ஹோலன்பாக் யாரு?"

மார்லா கரண்டியோடு கையைத் தூக்கினாள். போலீஸ்காரி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல உக்காந்திருக்கா, வாங்க."

நடந்தது இதுதான். டெஸ்ஸாவின் பழைய காரில் பாட்டரி செத்துவிட்டது. அப்பா டுவேன் அந்த வாரம் கூட வேலை பார்க்கும் லெராயின் வண்டியில் மரமில்லுக்குப் போய்க்கொண்டிருந்தான். அதனால் அப்பாவின் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். மூன்றாவது பாடம் முடிந்து, மறந்து வைத்த நோட்டை எடுக்க வண்டிக்குப் போனாள். இருக்கையை முன்னால் சாய்த்தபோது, பின்னால் பழைய கம்பளியில் சுற்றிக் கிடந்தது, லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி. திங்களன்று கரடி வேட்டைக்குப் போன டுவேன் அதை எடுத்து வைக்க மறந்திருந்தான். டெஸ்ஸா அதைத் தொடவில்லை. கதவைச் சாத்தினாள். நேராக ஆபீசுக்குப் போய், என் வண்டியில் துப்பாக்கி இருக்கிறது, நான் கொண்டுவரவில்லை, ஆனால் இருக்கிறது என்று சொன்னாள். மற்றதெல்லாம் தானாக நடந்தது. பள்ளியின் விதி அப்படி. பத்து நாள் பள்ளிக்கு வரக்கூடாது. அதற்குப் பிறகு பள்ளிக் குழுவின் முன்னால் விசாரணை. ஒரு வருஷம் வெளியேற்றக்கூட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

மார்லா மகளை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். குழம்பு ஆடை கட்டிக் கெட்டுப்போய்விட்டதாகப் பிறகு ஜோலீன் சொன்னாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. டுவேனின் அப்பா வெண்டலுக்கு எழுபத்தொன்பது வயது. மரமில்லில் நாற்பத்திரண்டு வருஷம் ரம்பத்தைக் கேட்டுக் கேட்டுக் காது பாதி போய்விட்டதால் அவர் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் இருக்கும். அன்று சண்டையே போட்டார். அவர் படித்த காலத்தில் மான் வேட்டை மாதம் வந்தால் பையன்களெல்லாம் துப்பாக்கியோடுதான் பள்ளிக்கூடம் போவார்கள். தச்சு வாத்தியாரின் மேசைக்குப் பின்னால் மூலையில் பதினைந்து, இருபது துப்பாக்கிகள் விளக்குமாறுபோல் சாத்திக் கிடக்கும். மணி அடித்ததும் அவரவர் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். இதே துப்பாக்கியும் அந்த மூலையில் நின்றிருக்கிறது என்றார். டுவேனும் விடவில்லை. எண்பத்தெட்டில் தன் வண்டியின் பின்கண்ணாடியில் மாட்டியிருந்த துப்பாக்கியை அன்றைய தலைமையாசிரியரே வெளியே வந்து கையில் வாங்கிப் பார்த்து, நல்ல குழல் என்று சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னான். இதே மைதானம், இதே கட்டடம். இப்போது சொந்தப் பிள்ளையைக் குற்றவாளி மாதிரி உட்காரவைத்திருக்கிறார்கள்.

டெஸ்ஸா பீன்ஸ் கிண்ணத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

வெண்டல் அவள் பக்கம் திரும்பினார். குரலைத் தணிக்க முயன்றார். "ஏம்மா, கதவ மூடிட்டுப் பேசாம வகுப்புக்குப் போயிருக்கலாம்ல? சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிட்டு வந்திருந்தா ஒரு ஈ காக்காவுக்குத் தெரியுமா?"

"அந்த வண்டிக் கதவுல பூட்டு வேல செய்யாது தாத்தா."

"செய்யலன்னா? யாரு வந்து தெறக்கப் போறா?"

"அது யாருன்னு தெரியாதே. அதுதான்."

"நம்ம ஊருப் பசங்க. எல்லார் அப்பனையும் எனக்குத் தெரியும்."

"அப்பன உங்களுக்குத் தெரியும். பசங்கள எனக்குத் தெரியும்" என்றாள் டெஸ்ஸா. கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

நன்றி நாள் விருந்தும் அப்படித்தான் போயிற்று. டுவேனின் தம்பி குடும்பம் வந்திருந்தது. பூசணிப் பலகாரத்தை வெட்டும்போது வெண்டல் ஒரு முடிவைச் சொன்னார். மூடிய அறைக்குள் காதும் காதும் வைத்தமாதிரி விசாரணை வேண்டாம். திறந்த விசாரணை கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஊரே வந்து உட்காரட்டும். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் ஹோலன்பாக் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். எல்லோரும் ஆமாம் என்றார்கள். டெஸ்ஸா மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை மார்லாவுக்குப் புரியவில்லை. ஆனால் அது அவளை உட்காரவிடவில்லை. எழுந்து போய் ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

சனிக்கிழமை அம்மாவும் மகளும் கொட்டகையில் விறகு அடுக்கினார்கள். ஓக் மரம், ஒரு வருஷம் காய்ந்தது. மார்லா தூக்கிக் கொடுக்க டெஸ்ஸா பட்டை மேலே இருக்கும்படி திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு போனாள். மூச்சு புகையாக வந்தது. ஒரு வரிசை முடிந்ததும் டெஸ்ஸா கையுறையைக் கழற்றினாள்.

"அம்மா. திறந்த விசாரணை வேண்டாம்னு சொல்லு."

"நீ பயப்படாத. நீ நல்லது செஞ்சவ. ஊருக்கு முன்னால சொல்றதுல உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல." விறகின் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் துப்பாக்கி லோடு ஆகியிருந்துச்சும்மா."

மார்லா கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

போலீஸ்காரி வண்டியிலிருந்து எடுத்து, டெஸ்ஸாவின் கண் முன்னாலேயே லீவரை இழுத்திருக்கிறாள். துப்பாக்கியின் குழலடியிலிருந்து ஒரு தோட்டா குதித்துப் பனிச்சேற்றில் விழுந்தது. போலீஸ்காரி குனிந்து பொறுக்கி, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாளாம். பிறகு இது உனக்குத் தெரியுமா என்று கேட்டாளாம். தெரியாது என்று டெஸ்ஸா சொன்னாள். அறிக்கையில் இதை எழுதித்தான் ஆகணும் என்று போலீஸ்காரி சொன்னாள்.

"அத விசாரணையில சத்தமா படிப்பாங்க" என்றாள் டெஸ்ஸா. "தாத்தா கேப்பாரு. ஊரு கேக்கும். அப்பா அங்கயே உக்காந்திருப்பாரு."

மார்லா இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம். வெண்டல் எதற்கெல்லாமோ கத்துவார், மறந்துவிடுவார். ஒன்றை மட்டும் மறக்கமாட்டார். வண்டியில் ஏறும் முன்னால் துப்பாக்கியைக் காலி செய்யாதவனோடு அவர் வேட்டைக்குப் போனதில்லை. கூடப் பிறந்த அண்ணனையே அதற்காக ஒரு வருஷம் வேட்டை முகாமிலிருந்து திருப்பி அனுப்பியவர். டுவேனுக்கு எட்டு வயதில் கையில் வெறும் கட்டையைக் கொடுத்து, அதைத் தோட்டா போட்ட துப்பாக்கி என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு பருவம் முழுக்க நடக்கவிட்டவர்.

"தாத்தா காதுல இது விழ வேண்டாம்மா" என்றாள் டெஸ்ஸா.

அடுத்த வாரம் பள்ளி திறந்த பிறகும் மார்லாவுக்கு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள். ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கினாள். ஜோலீன் அவளிடம் முன்போல் பேசினாள், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு நாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, அன்று அந்த நாற்பது நிமிஷத்தில் தன் மகன் கால்சட்டையை நனைத்துவிட்டதாகவும், இப்போது பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிறு வலிப்பதாகவும் சொன்னாள்.

"டெஸ்ஸா மேல எனக்குக் கோவமே இல்ல மார்லா. அவள நிக்கவச்சு முத்தம் குடுப்பேன். ஆனா அத அங்க வச்சது அவ இல்லல்ல" என்றாள்.

மார்லா தட்டை வாங்கி அடுக்கினாள்.

வீட்டுக்கு வந்தால் தொலைபேசி ஓயாது. வெண்டல் அக்கம்பக்கத்து மலைகளிலெல்லாம் தனக்குத் தெரிந்த கிழவர்களை அழைத்துக்கொண்டிருந்தார். தீவனக் கடை வாசலில் விசாரணை நாளை எழுதி ஒட்டியிருந்தார்கள். தான் பேசப்போவதை வெண்டல் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்துப் பார்ப்பார். டுவேன் அவருக்குப் பக்கத்தில் நின்று, இங்கே இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும் என்பான். அவனுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்துகொண்டே இப்படிக் கத்துகிறானா என்று மார்லா அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்தாள்.

அதற்கும் அடுத்த வாரத் திங்கள்கிழமை மான் வேட்டை ஆரம்பம். அன்று பள்ளிக்கு விடுமுறை, மில்லுக்கும் விடுமுறை. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வருஷமும் தவறாமல் அப்பாவோடும் தாத்தாவோடும் போன டெஸ்ஸா, இந்தத் தடவை எழுந்து ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொள்ளவில்லை. வெண்டல் படிக்கட்டின் கீழே நின்று ஒரு தடவை கூப்பிட்டார். வரலை தாத்தா என்று மேலேயிருந்து பதில் வந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் டுவேன் வெறுங்கையோடு திரும்பினான். வெண்டல் அன்றிரவு முகாமிலேயே தங்கிவிட்டார். கொட்டகையில் ஈரச் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவனிடம் மார்லா போனாள். சுற்றி வளைக்கவில்லை.

"டுவேன், அது லோடு ஆகியிருந்துச்சு."

"எது?"

"அப்பாவோட துப்பாக்கி. உள்ள ஒரு தோட்டா. போலீஸ்காரி டெஸ்ஸா முன்னாலதான் எடுத்தா. அறிக்கையில இருக்கு."

"நான் எடுத்துட்டேனே."

"எடுக்கல."

"மார்லா, நான் எப்பவும் எடுத்துருவேன். உனக்குத் தெரியும்."

"எப்பவும் எடுப்பே. அன்னிக்கு எடுக்கல."

அவன் ஆணியில் மாட்டிய சட்டையையே பார்த்தபடி நின்றான். கரடி வேட்டைக்குப் போன அந்தத் திங்களை மெதுவாகப் பின்னோக்கி நடந்து பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இருட்டும் நேரத்தில் ஓடையருகே லெராய் கத்தியது, கரடி கடந்துபோனது, லீவரை இழுத்தது, சுட வாகில்லாமல் விட்டது. விரல் விறைத்திருந்தது. மழை. வண்டிக்கு வந்தார்கள். லெராய் தன் முழங்கால் வலியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு கம்பளி. நடுவில் ஒன்று இல்லை.

டுவேன் விறகு பிளக்கும் அடிக்கட்டையில் உட்கார்ந்தான். "அவ அத வச்சுக்கிட்டு பன்னெண்டு மைல் ஓட்டிட்டுப் போயிருக்கா" என்றான்.

"ஆமா."

"பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பின்னாலயே போயிருப்பா. அந்த நேரத்துக்கு அந்த ரோட்டுல பஸ்தான் போகும்."

மார்லா அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. இப்போது யோசித்தாள்.

மூடிய விசாரணைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாம், இன்னும் நாள் இருக்கிறது என்றாள். அப்பாவை என்ன சொல்லி நிறுத்துவது என்று அவன் கேட்டான். நாற்பது பேரைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார், ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது.  அதற்கப்புறம் மூன்று நாளும் டுவேன், வெண்டல் தாளைப் படித்துக்காட்டும்போது கொட்டகைக்குப் போய்க் கோடாலியை எடுத்துக்கொள்வான். தேவைக்கு மேல் விறகு பிளந்து குவிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பள்ளி நூலகத்தில் விசாரணை. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். பாதிப் பேர் காட்டிலிருந்து நேராக ஆரஞ்சுத் தொப்பியோடு வந்திருந்தார்கள். ஈரக் கம்பளியும் காப்பியும் கலந்த வாடை. மறுபக்கத்தில் ஜோலீனும் இன்னும் சில தாய்மார்களும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் பள்ளிக் குழுவினர் ஏழு பேர். போலீஸ்காரி ஒரு கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். வெண்டல் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் கறுப்புக் கோட்டில், முதல் வரிசையில், தாளை நான்காக மடித்து முழங்காலில் வைத்திருந்தார். டெஸ்ஸா அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

குழுவின் தலைவி, குடும்பத்தின் தரப்பில் யார் பேசுவது என்று கேட்டாள். வெண்டல் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழ ஆரம்பித்தார். அதற்குள் டுவேன் எழுந்துவிட்டான்.

"அப்பா, நீங்க உக்காருங்க. மொதல்ல நான்."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அவன் அது ஓயும்வரை காத்திருந்தான்.

"நிறையப் பேரு எங்களுக்காக வந்திருக்கீங்க. ஆனா ஒண்ணு தெரியாம வந்திருக்கீங்க" என்றான். "அந்தத் துப்பாக்கிய அங்க வச்சது நான். காலி பண்ணாம வச்சேன். தோட்டா உள்ள இருந்துச்சு. எம் பொண்ணு அத முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுப் பன்னெண்டு மைல் வந்திருக்கா. உங்க பிள்ளைங்க நடுவுல நிறுத்தியிருக்கா. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்ச உடனே சொன்னா. இதுல அவ செஞ்சது ஒண்ணுதான், அது சரி. தப்பு என்னோடது. அவளக் கேக்கறதா இருந்தா என்னக் கேளுங்க."

சொல்லிவிட்டு டுவேன் நின்றுகொண்டே இருந்தான்.

 கத்துவதற்கென்று வந்த நாற்பது பேரும் தங்கள் பூட்ஸையே பார்த்தார்கள். லெராய் தொப்பியைக் கழற்றினான். எத்தனையோ வருஷமாக அந்தக் காடுகளில் நடந்தவர்கள். டுவேன் சொன்னதன் எடை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மார்லா மாமனாரைப் பார்த்தாள். அவர் மகனைப் பார்க்கவில்லை. மடித்த தாளைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மெதுவாக எழுந்தார். வரிசையில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

போலீஸ்காரி அறிக்கையைப் படித்தாள். குழு அரைமணி நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. டெஸ்ஸா கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து மற்றவர்களோடு பள்ளிக்குத் திரும்பலாம். அவள் பதிவேட்டில் இது ஏறாது. டுவேன்மேல் வழக்கு தனியாக நடக்கும். பள்ளி எல்லைக்குள் அவன் ஒரு வருஷம் வரக்கூடாது.  கலைந்துபோகும்போது ஜோலீன் நின்று டெஸ்ஸாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். டுவேனிடம் யாரும் வரவில்லை.

வெளியே பனி பொழியத் தொடங்கியிருந்தது. வெண்டல் பிக்கப்பின் பக்கத்து இருக்கையில், கதவைத் திறந்துவைத்து, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். மார்லாவும் டெஸ்ஸாவும் அருகே போனார்கள். டுவேன் இருபது அடி தள்ளி, விளக்குக் கம்பத்தின் கீழேயே நின்றுவிட்டான்.

"உனக்கு மொத நாளே தெரியும்" என்றார் வெண்டல் பேத்தியிடம்.

"தெரியும்."

"சொல்லல."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.  

"அந்த ஒத்திகைன்னு சொல்றாங்களே. அதுல என்ன பண்ணுவீங்க?"

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் டெஸ்ஸாவிடம் இதைக் கேட்டதில்லை. மார்லாவும் கேட்டதில்லை. அது கால அட்டவணையில் எழுதியிருக்கும், நடக்கும், முடிந்துவிடும்.

"வெளக்க அணைப்போம். கதவுக்கு நேரா இல்லாம செவத்தோட ஒட்டி உக்காருவோம். பேசக்கூடாது. வெளிய யாராவது வந்து கதவோட கைப்பிடிய ஆட்டிப் பாப்பாங்க, நெசமா இருந்தா எப்படி இருக்கும்னு. அப்பவும் பேசக்கூடாது."

"எந்த வயசுலேர்ந்து?"

"அஞ்சு."

"அஞ்சு வயசுப் பிள்ளைங்க எப்படிப் பேசாம இருக்கும்?"

"ஆளுக்கு ஒரு குச்சி மிட்டாய் குடுப்பாங்க தாத்தா. வாயில வச்சுக்கிட்டா சத்தம் வராதுல்ல. என்னோடது எப்பவும் பச்சை ஆப்பிள். இன்னிக்கும் அந்த வாசன வந்தா எனக்கு மூச்சு நின்னுரும்."

  வெண்டல் கோட்டுப் பையில் இருந்த தாளை எடுத்து, இன்னும் சின்னதாக மடித்து மறுபடி உள்ளே வைத்தார். 

பனி அவர் பூட்ஸில் விழுந்து கரையாமல் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, இன்னொரு ஆள் உட்காரும்படி நகர்ந்தார். விளக்குக் கம்பத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"உங்கப்பனக் கூப்பிடு. அங்க என்ன நின்னுக்கிட்டிருக்கான்."